முக்கால்வாசியில் ஏன் பிரிகிறார்கள்? வாசகர் கேள்வியும் எங்கள் பதிலும்

பால்புதுமையினர் (தன்பாலினரைக் காதலிப்போர், திருநர் போன்றோர்) காதல் நாவல்கள் பற்றியும் ஒரு பால்நிலைத் தன்வரலாறு பற்றியும் வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கடிதம் எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.
- நூல் பக்கக் குழு

கல்லடி வாசகி: மகள் கம்பஸிலிருந்து கொண்டுவந்த 'ரெட், வைட் அண்ட் ரோயல் ப்ளூ' நாவலை வாசிச்சன். அமெரிக்க ஜனாதிபதிட மகனும் இங்கிலாந்து இளவரசனும் காதலிக்கிற கதை. கையில எடுத்தா வைக்கேலாது, அவ்வளவு சிரிப்பு. மறுகா, ஏரிக்கரை வீட்டில சந்தோசமா இருந்த இளவரசன் இரவோட இரவா சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போறான். சண்டை ஒண்டும் இல்ல. ஏன் ஓடுறான்? மகள்ட மற்றப் புத்தகங்களிலயும் கடைசிக்குக் கிட்ட இப்படி ஒரு பிரிவு வருது. முடிவில எல்லாரும் சேருறாங்க. எழுதுறவங்களுக்கு வேற வழி தெரியாதா?

பதில்: வழி தெரியும், வகைதான் விடாது. 'காதல் நாவல்' என்று அட்டையில் போட்டு விற்கும் புத்தகத்துக்கு இரண்டு கட்டாயங்கள் உண்டு. காதல்தான் கதையின் நடுத்தூணாக இருக்க வேண்டும். முடிவு நம்பிக்கை தருவதாக இருக்க வேண்டும். துப்பறியும் கதையை எடுக்கும்போதே கொலைகாரன் பிடிபடுவான் என்று தெரியும்தானே, அப்படித்தான் இதுவும். ஆகவே சேருவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. எது அவர்களைத் தடுக்கிறது, அந்தத் தடையை யார் எதைக் கொடுத்துத் தாண்டுகிறார்கள் என்று பாருங்கள்.

320 பக்க நாவல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 40ஆம் பக்கத்துக்குள் சந்திப்பு நடந்துவிடும். 160ஐ ஒட்டி இருவரும் தங்கள் மனதைத் தாங்களே ஒப்புக்கொள்வார்கள். 240க்கு மேல் பிரிவு வரும். மிச்சம் திருத்தம். பிரிவு முந்தி வந்தால் வாசிப்பவருக்கு அந்த இருவர் மேலும் ஒட்டுதல் பிறந்திருக்காது. பிந்தி வந்தால் திருத்தப் பக்கம் போதாது. விமான நிலையத்தில் ஒரு மன்னிப்பு, ஒரு அணைப்பு என்று அவசரமாக முடியும். இவ்வகை நாவல்களில் அதிகம் காணும் பழுது இதுதான்.

பிரிவு நியாயமானதா என்று அறிய ஒரு கேள்வி போதும்: ஐந்து நிமிடம் ஃபோனில் பேசினால் தீர்ந்துவிடுமா? தீருமென்றால் அது பக்கம் நிரப்பப் போட்ட பிரிவு. இனி உங்கள் இளவரசனைப் பாருங்கள். ஏரிக்கரையில் ஜனாதிபதியின் மகன் அலெக்ஸ் 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று சொல்ல வாயெடுக்கிறான். சொல்லிவிட்டால் ஹென்றி பதில் சொல்லியாக வேண்டும். சொன்ன பதிலை அரண்மனைக்குள் வைத்து வாழ அவனுக்கு வழியில்லை. அதனால் சொல் வெளியே வருமுன் ஓடுகிறான். அவன் ஒன்றையும் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை, கூடுதலாகவே விளங்கிக்கொண்டான். அதற்கு முந்திய மின்னஞ்சல்களைத் திரும்பப் புரட்டுங்கள். பகிடிக்கு நடுவே அவன் தன் வீட்டைப் பற்றி எழுதும் வரிகளில் இந்த ஓட்டம் ஏற்கெனவே இருக்கிறது.

கேசி மக்குவிஸ்டன் 2019இல் எழுதிய இந்த நாவலின் கெட்டித்தனம், உள்ளே இருக்கும் பயத்தை முதலில் தீர்த்துவிட்டு வெளித் தாக்குதலைப் பிறகு கொண்டுவருவது. மின்னஞ்சல்கள் கசிந்து உலகத்துக்கே தெரியவரும்போது இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். எங்களுக்குக் குறையாகப் படுவது அதற்குப் பிந்திய பகுதி. மக்கள் ஆதரவாகத் திரள்கிறார்கள், தாய் மறுபடியும் தேர்தலில் வெல்கிறார், வெளியுலகம் கொஞ்சம் சுலபமாகவே வளைந்துகொடுக்கிறது. வெள்ளை மாளிகை கையில் இருந்தால் எதுவும் நடக்கும் என்று நீங்கள் நினைத்திருந்தால் அதில் பிழை சொல்லமாட்டோம்.

சந்தோச முடிவைச் சோம்பேறித்தனம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். இந்த வகையில் அது கேட்டு வாங்கிய உரிமை. இ. எம். ஃபோஸ்டர் 'மோரிஸ்' நாவலை 1914இலேயே எழுதி முடித்துவிட்டார். இரு ஆண்களும் ஒன்றாக வாழப் போவதாகத்தான் முடியவேண்டும் என்பதில் பிடிவாதமாக நின்றார். அன்றைய இங்கிலாந்தில் அந்த முடிவோடு அச்சிட முடியாது. அவர் இறந்தபின் 1971இல்தான் புத்தகம் வெளிவந்தது. அமெரிக்காவில் 1952இல் வந்த 'ஸ்பிரிங் ஃபயர்' இரு கல்லூரிப் பெண்களின் கதை. மலிவுப் பதிப்பு, தபாலில் போக வேண்டிய சரக்கு. தபால் திணைக்களம் பறிமுதல் செய்யாமலிருக்க முடிவு துன்பமாக இருக்க வேண்டும் என்று பதிப்பாசிரியர் சொல்லிவிட்டார். அதனால் ஒருத்திக்குப் புத்தி பேதலிக்கிறது, மற்றவள் தனக்கு அப்படியொரு ஆசையே இருந்ததில்லை என்கிறாள். அதே ஆண்டு பற்றீசியா ஹைஸ்மித் வேறு பெயரில் வெளியிட்ட 'த ப்ரைஸ் ஒஃப் சோல்ட்' நாவலில் இரு பெண்களும் சேர்கிறார்கள். ஆனால் மூத்தவள் தன் பிள்ளையைத் தன்னோடு வைத்திருக்கும் உரிமையை இழக்கிறாள். சேருவதற்கு ஒரு விலை கொடுக்கும் முடிவு அது. எங்கள் கணக்கில் நம்பத்தக்க முடிவு என்றால் அதுதான்.

இப்படியொரு கதையை எங்கள் பக்கத்தில் வைத்து எழுதினால் தடை எங்கிருந்து வரும்? மகள் படித்த நாவல்களில் வாடகை, வேலை, பெற்றோரின் சம்மதம் என்று வரும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் முதல் தடை வீடு. இங்கே வீடு பெண்ணுக்கு. கலியாணத்தோடு எழுதிக் கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவதுதான் வழமை. கொக்கட்டிச்சோலையில் ஒருத்தி, வாழைச்சேனையில் ஒருத்தி என்று இரு பெண்களைக் காதலர்களாக வைத்துப் பாருங்கள். இருவருக்கும் வீடு காத்திருக்கிறது. ஆனால் அந்த உறுதியில் கையெழுத்து விழுவதற்கு ஒரு மாப்பிள்ளை வேண்டும். மூத்தவள் மறுத்தால் கட்டி முடித்த வீடு தங்கைக்குப் போகும், இல்லாவிட்டால் கூரை போடாமலே நிற்கும். இரு ஆண்கள் என்றால் வேறு சிக்கல். கலியாணம் கட்டாத ஆணுக்குச் சொந்தக் கதவு என்று ஒன்று கிடையாது, அம்மாவின் வீடும் ஒருநாள் அக்காவின் வீடாகிவிடும். ஃபோனில் பேசித் தீர்க்கமுடியாத முக்கால்வாசிப் பிரிவு இங்கே இருக்கிறது. யாராவது எழுதினால் நாங்கள் முதல் ஆளாக வாசிப்போம்.

களுவாஞ்சிகுடி வாசகர்: மாயா கொபாபியின் 'ஜெண்டர் குவியர்' தன்வரலாற்றை வாசித்தேன். படக்கதை என்பதால் பன்னிரண்டு வயது மகனுக்கும் கொடுக்கலாம் என்று நினைத்துத்தான் திறந்தேன். சில பக்கங்களில் திகைத்துப்போனேன். கடைசிவரை ஆணா பெண்ணா என்று ஒரு முடிவும் சொல்லவில்லை. சிகிச்சை, மாற்றம் என்று ஏதாவது வரும் என்று காத்திருந்து ஏமாந்தேன். நான் பழைய ஆள் என்பதுதான் காரணமா?

பதில்: முதலில் மகனின் விஷயம். அவருக்கு இப்போது கொடுக்கவேண்டாம். அது பெரியவர்களுக்கும் பதின்பருவத்தின் கடைசியில் இருப்பவர்களுக்குமான புத்தகம். உடலும் பாலுறவும் படமாகவே வருகின்றன. அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடும், அதிக எதிர்ப்புக்குள்ளான நூல்களின் பட்டியலில் 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டும் முதலிடம் இதற்குத்தான். சச்சரவில் பெரும்பகுதி பாடசாலை நூலகங்களைப் பற்றியது. பன்னிரண்டு வயதுக்குப் பொருத்தமான படக்கதை வேண்டுமென்றால் அலிஸ் ஓஸ்மனின் 'ஹார்ட்ஸ்டொப்பர்' முதல் பாகம் இருக்கிறது. பாடசாலைப் பையன்கள் இருவரின் கதை. கைகோர்ப்பதும் முத்தமும்தான் வரும். ஆனால் கேலியும் வற்புறுத்தலும் வருகின்றன, ஆகவே முதலில் நீங்கள் வாசித்துவிடுங்கள்.

இனி ஏமாற்றம். அதற்குக் காரணம் உங்கள் வயது என்று நாங்கள் நினைக்கவில்லை. இவ்வகைத் தன்வரலாறுகள் பலவும் ஒரே தடத்தில் போகும், அதற்குக் கண் பழகிப்போகும். ஜேன் மொறிஸ் 1974இல் வெளியிட்ட 'கொனன்ட்ரம்' அந்தத் தடத்தைப் போட்டவற்றுள் ஒன்று. மூன்று நான்கு வயதில், தாயின் பியானோவுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போதே தான் பிழையான உடலில் பிறந்துவிட்டதை உணர்ந்ததாகத் தொடங்கும். நீண்ட மறைவு வாழ்க்கை, மொறோக்கோவின் கசபிளாங்காவில் சத்திரசிகிச்சை, அதற்குப் பிந்திய அமைதி. தொடக்கம், பயணம், சேருமிடம் மூன்றும் தெளிவு. தமிழில் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா' சத்திரசிகிச்சைக்குப் போகும் ரயில் பயணத்தில் தொடங்கிச் சிறுவயதுக்குத் திரும்புகிறது. உச்சத்தை முதலிலேயே வைத்துவிட்டதால், பிறகு வரும் வேலை தேடலும் பெயரை மாற்ற அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதும்தான் உண்மையான கதை என்று புரிகிறது.

கொபாபியிடம் பியானோவும் இல்லை, ரயிலும் இல்லை. ஆண் என்றும் உணராத, பெண் என்றும் உணராத ஒருவர் அதைச் சொல்லச் சொல் தேடித் தேடி வளர்வதே கதை. பாடசாலை, மாதவிடாய், வாசித்த நாவல்கள், உடுப்பு, மகப்பேற்று வைத்தியரின் பரிசோதனை மேசை என்று துண்டு துண்டாகத்தான் வரும். கடைசியில் தான் படம் வரையக் கற்பிக்கும் பிள்ளைகளிடம் தன்னைப் பற்றிச் சொல்வதா விடுவதா என்ற யோசனையில் நிற்கும். சேருமிடம் இல்லாத புத்தகத்தில் நீங்கள் ஸ்டேஷனைத் தேடியிருக்கிறீர்கள்.

இன்னொரு தடவை வாசிக்க மனமிருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். படங்களை விட்டு, எழுத்துப் பெட்டிகளை மட்டும் முப்பது பக்கம் வாசியுங்கள். பிறகு அதே முப்பது பக்கத்தில் எழுத்தை மறைத்துக்கொண்டு படங்களைப் பாருங்கள். பரிசோதனை மேசைப் பக்கத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். எழுத்து நடந்ததைச் சொல்லிக்கொண்டு போகிறது, வலி முழுவதும் படத்தில் இருக்கிறது. உங்களைத் திகைக்கவைத்த பக்கங்களில் ஒன்று இதுவாக இருந்தால், ஆசிரியர் விரும்பியதும் அதைத்தான். தனக்குத் தன் உடலோடு இருந்த சங்கடத்தை வாசிப்பவருக்குக் கடத்தத்தான் அதை வரைந்திருக்கிறார். மற்றப் பக்கங்களை வேறாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்: படம் அப்பட்டமாக இருந்ததால் வந்த கூச்சம் எது, இதை ஒருவர் வெளியே சொல்கிறாரே என்று வந்த கூச்சம் எது என்று. முதலாவது இரசனை. அதற்கு யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை. இரண்டாவதைக் கொஞ்சம் பொறுத்து யோசிக்கலாம்.

பாண்டிருப்பு வாசகர்: எங்கட பக்கக் கூத்தில ஆம்பிளைகள் பெண்வேசம் கட்டி ஆடுறது அந்தக் காலத்திலிருந்தே இருக்கு. திரௌபதை அம்மன் கோயில்ல பாரதம் படிக்கிறம், அருச்சுனன் பிருகன்னளையா இருந்ததும் தெரியும். இதுக்குப் போய் இங்கிலீசுப் புத்தகம் எதுக்கு?

பதில்: பெண்வேசம் கட்டுபவர் விடியப்புறம் உடுப்பைக் களைந்ததும் தன் பெயரோடு வீட்டுக்குப் போய்விடுகிறார், ஊரும் அவரை அண்ணாவியார் என்றோ அண்ணன் என்றோ கூப்பிடுகிறது. பிருகன்னளைக்கும் விராடன் அரண்மனையில் ஒரு வருடக் கெடுத்தான். தன்வரலாறு எழுதுபவர்களுக்குக் கெடு இல்லை, களைய உடுப்பும் இல்லை. மற்றபடி உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோராடலில் பேடியாடலும் ஒன்று. காமன் ஆண்மை திரிந்த பெண்கோலத்தில் ஆடியது அது. இந்த விஷயமே மேற்கிலிருந்து கப்பலேறி வந்தது என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

மட்டக்களப்பு நகர் வாசகி: மாதமொருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்ததாக ஒரு திருநங்கையின் தன்வரலாற்றை எடுக்க இருக்கிறோம். பேச்சு வம்பாகிவிடக்கூடாது. எப்படி நடத்துவது?

பதில்: முழுப் புத்தகத்தையும் ஒரே அமர்வில் எடுக்காதீர்கள். ஐம்பது, அறுபது பக்கமாக ஒரு பகுதி, ஒன்றரை மணித்தியாலம் போதும். முதல் இருபது நிமிடம் கருத்துக்கு இடம் கொடாமல், ஆளுக்கொரு பந்தியை உரக்க வாசிக்கவிடுங்கள். வாசிக்காமல் வந்தவர்தான் வழக்கமாக அதிகம் கதைப்பார், இது அவரையும் புத்தகத்துக்குள் இழுத்துவிடும். கேள்விகளைப் புத்தகத்தைப் பற்றியதாகவே வைத்திருங்கள்: எந்த இடத்தில் ஆசிரியர் வேகமாகக் கடந்துபோகிறார், எங்கே நின்று விபரிக்கிறார், வீட்டாரில் யாருக்கு நியாயம் செய்கிறார், யாருக்குச் செய்யவில்லை.

வம்பு நுழைவது இரண்டு வழியால். ஒன்று, 'எங்கட ஒழுங்கையிலயும் ஒரு பெடியன் இப்படித்தான்' என்ற பேச்சு. அதை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், இங்கே இல்லாத ஒருவரைப் பற்றி ஊகம் பேசுவதில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவைத்தால் நிறுத்துவது இலகு. மற்றது, சத்திரசிகிச்சையைத் துருவுவது. ஆசிரியர் எவ்வளவு சொன்னாரோ அவ்வளவோடு நிற்கட்டும். உங்கள் வட்டத்திலேயே தன்னைப் பற்றி வெளியே சொல்லாத ஒருவர் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே நடத்துங்கள். யாரையும் 'நீங்கள் இதில் எந்தப் பக்கம்' என்று சுற்றிவரக் கேட்கும் விளையாட்டு வேண்டாம். இன்னொன்று, ஒரு திருநங்கையைக் கூப்பிட்டுக் கூட்டத்தின் நடுவே இருத்திக் கேள்வி கேட்பது நல்லெண்ணத்தில்தான் நடக்கும், ஆனாலும் புத்தகம் அப்படியே கிடக்க அவர் காட்சிப்பொருளாகிவிடுவார். அவர் வாசகராக வந்தால் வாசகராகவே இருக்கட்டும்.

புத்தகம் இன்னும் தெரிவாகவில்லை என்றால்: வித்யாவினது 2007இல் கிழக்கு பதிப்பகம் வெளியிட்டது. சிறியது, ஓட்டமான நடை, முதல் தடவைக்கு நல்லது. ரேவதியின் 'வெள்ளை மொழி' கனமானது. ஜமாத் (திருநங்கைகள் கூடி வாழும் குழு) வாழ்க்கை, பொலிஸ் வன்முறை, வீட்டுச் சொத்துப் பிரச்சினை எல்லாம் விபரமாக வரும். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2010இல் முந்திக்கொண்டு வந்தது. ஆகவே கடையில் கேட்கும்போது தமிழ்த் தலைப்பைச் சொல்லிக் கேளுங்கள். சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' இதே பொருளில் வந்த நாவல். வெளியிலிருந்து இரக்கத்தோடு எழுதப்பட்டது. தன்வரலாறு ஒன்றை முடித்துவிட்டு இதை எடுத்தால் அந்த வித்தியாசமே ஒரு அமர்வுக்குப் போதுமான பேச்சைத் தரும்.

அக்கரைப்பற்று வாசகர்: இப்படியான புத்தகம் வைத்திருப்பது இலங்கையில் குற்றமா? தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பெயர் மாற்றுவது பற்றி வாசித்தேன். இங்கே என்ன நடைமுறை?

பதில்: உங்கள் சொந்த வாசிப்புக்கு ஒரு காதல் நாவலையோ தன்வரலாற்றையோ வைத்திருப்பதைக் குற்றமாக்கும் பிரிவு தண்டனைச் சட்டக்கோவையில் இல்லை. தன்பாலுறவுக்கு எதிராகப் பயன்படுத்தப்படுவதால் பலரும் பயப்படும் 365, 365அ பிரிவுகள் செயல்களைப் பற்றியவை, வாசிப்பைப் பற்றியவை அல்ல. சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுப் பிரித்தானிய காலத்தது. 1995 திருத்தத்தில் 'ஆண்' என்றிருந்த இடத்தில் 'ஆள்' என்று போட்டதால் 365அ பெண்களையும் உள்ளடக்கிக்கொண்டது. திருத்தம் என்ற பெயரில் வலை அகலமானதுதான் மிச்சம். இவற்றை மாற்றவென வந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தால் மட்டும் சட்டம் மாறிவிடவில்லை. ஆபாச வெளியீடுகள் பற்றிய 1927ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் வேறு. அது விற்பனை, விநியோகம், பொதுக்காட்சி ஆகியவற்றைப் பார்ப்பது. படங்கள் உள்ள நூலைப் பிரதி எடுத்துப் பலருக்கும் பகிர முன் அதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

பெயர், பால்நிலை மாற்றத்துக்கு இங்கே 2016ஆம் ஆண்டுச் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் உண்டு. மனநல வைத்திய நிபுணரிடமிருந்து அதைப் பெற வேண்டும். அதைக் காட்டிப் பிறப்புப் பதிவைத் திருத்த வேண்டும், திருத்திய பிறப்புச் சான்றிதழைக் காட்டி அடையாள அட்டை எடுக்க வேண்டும், அதன் பிறகுதான் கடவுச்சீட்டும் மற்றவையும். ஒழுங்கு மாறினால் வேலை நடக்காது. பழைய பிறப்புச் சான்றிதழோடு அடையாள அட்டைக்குப் போனால் திருப்பித்தான் அனுப்புவார்கள். வித்யாவின் புத்தகத்தில் வரும் அலைச்சல் இந்தியச் சட்டத்தின் கீழானது, அதைப் பார்த்து இங்கே படிவம் நிரப்பக்கூடாது.

திருக்கோவில் வாசகி: இலங்கைத் தமிழ்ப் பையனின் காதல் என்று 'ஃபன்னி போய்' வாங்கினேன். காதல் கொஞ்சம்தான். முடிவில் சேரவும் இல்லையே.

பதில்: அது காதல் நாவல் வகையில் வராது. ஷியாம் செல்வதுரை 1994இல் வெளியிட்ட அந்தப் புத்தகம் ஒன்றோடொன்று கோத்த ஆறு கதைகள். கொழும்பில் வளரும் ஆர்ஜி, பெண்பிள்ளைகளோடு மணமகள் விளையாட்டில் சேலை கட்டிக்கொள்வதில் தொடங்குகிறது. ஷெஹான் என்ற சிங்களப் பையன் பின்பகுதியில்தான் வருகிறான். 1983 ஜூலை வீட்டையே எரித்துவிடுகிறது, குடும்பம் கனடாவுக்குப் புறப்படுகிறது. பிரிவுக்குக் காரணம் ஃபோன் பேச்சில் தீருகிற ஒன்றல்ல என்பதை மட்டும் கவனியுங்கள். சந்தோச முடிவு நிச்சயம் வேண்டுமென்றால் வாங்கமுன் பின்னட்டையில் 'காதல்' வகை என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். விருது முத்திரை இருந்தால் முடிவு எப்படியும் இருக்கலாம். கார்ட்டூன் அட்டை இருந்தால் பிள்ளைகளுக்கானது என்றும் எடுத்துவிடாதீர்கள், இப்போது பெரியவர்களின் காதல் நாவல்களுக்கும் அதே அட்டைதான்.

ஆரையம்பதி வாசகி: இளவரசன் கதையின் படத்தை முதலில் பார்ப்பதா, நாவலை முதலில் வாசிப்பதா?

பதில்: நாவல். 2023இல் வந்த படத்தில் அலெக்ஸின் பெற்றோர் பிரியாமல் ஒன்றாக இருக்கிறார்கள், அக்கா ஜூன் அடியோடு இல்லை. படத்தை முதலில் பார்த்துவிட்டால், நாவலில் ஜூன் வரும்போதெல்லாம் இது யாரென்று பின்னுக்குப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.